இந்தியப் பாஸ்போர்ட்டோடு லண்டனில் ஜூரி வேலை

கோர்ட்டில் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. அதில் உட்கார வரச்சொல்லி வந்த சம்மனைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது, "நீங்க இந்த நாட்டு சிட்டிசனே இல்லையே?" நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிலாந்தில் ஜூரியாக இருக்கக் குடியுரிமை தேவையில்லை. 18 முதல் 75 வயதுக்குள் இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 13 வயதுக்குப் பிறகு 5 ஆண்டுகளாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். இங்கே வசிக்கும் இந்தியர்களும் இலங்கையரும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் ஏறினால் சம்மனும் வரலாம்.

7 நாளுக்குள் பதில் போட வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். ஊருக்கு டிக்கெட் போட்டிருந்ததால் நான் தள்ளிவைக்கக் கேட்டேன். ஒரு முறைதான் கேட்கலாம், கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. ஆபீசில் சம்பளம் பிடித்தால் ஒரு வரம்புவரை ஈடு உண்டு. நான் போன 2023-ல் முதல் 10 நாளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு, சாப்பாட்டுக்கு 5.71. அந்தக் காசுக்கு லண்டனில் என்ன கிடைக்கும்? தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன்.

முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். கடைசி நிமிஷத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள், சாட்சி வருவதில்லை, வக்கீல்கள் சட்டம் பேசுகிறார்கள். தடிமனான புத்தகம் ஒன்று எடுத்துப்போங்கள்.

அமெரிக்கத் தொடர்களில் வக்கீல்கள் ஜூரிகளைக் குடைந்து குடைந்து கேட்பார்களே, இங்கே அப்படி எதுவும் இல்லை. எங்களில் 15 பேரைக் கூட்டிப்போனார்கள். சாட்சிகளின் பெயரைப் படித்து, யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். பிறகு கிளார்க், பெயர் எழுதிய அட்டைகளை ஏலச்சீட்டுக் குலுக்கல் மாதிரி கலைத்துப் போட்டு 12 பேரைக் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்வதற்குள் அவர் நாக்கு சுளுக்கியிருக்கும். காரணம் காட்டினால் ஒரு ஜூரியை எதிர்க்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு. காரணமே சொல்லாமல் நீக்கும் உரிமையை 1988 சட்டம் எடுத்துவிட்டது. அது நல்லது என்றே நினைக்கிறேன். முகத்தையும் பெயரையும் பார்த்துக் கழித்துவிடலாம் என்றால் முதலில் கழிபடுவது என்னைப் போன்றவர்கள்தான்.

ஒவ்வொருவராக எழுந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். கீதையும் வைத்திருந்தார்கள். நான் மத நூல் இல்லாமல் உறுதி சொன்னேன்.

எங்களுடையது ஓர் அடிதடி வழக்கு. சில நாளில் முடிந்தது. ஆரம்பத்திலேயே நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார்: வழக்கைப் பற்றி இணையத்தில் தேடக்கூடாது, சம்பவம் நடந்த தெருவுக்குப் போய்ப் பார்க்கக்கூடாது, வீட்டில் பேசக்கூடாது. தேடினால் 2 ஆண்டுவரை சிறை. சாயங்காலம் வீட்டில் எனக்குப் பெரும்பாடு.

ஊரில் அப்பாவுக்கு ஜூரி என்றாலே நடிகர் தியாகராஜ பாகவதர் மாட்டிய லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான். 1945-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது ஜூரி. அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போய் 1947-ல்தான் வெளியே வந்தார்கள். "சட்டம் தெரியாத ஆளுங்க என்னத்தத் தீர்ப்பு சொல்றது?" என்றார் போனில். எங்கள் நீதிபதி சட்டத்தை வாயால் விளக்கியதோடு விடாமல், இதற்கு ஆம் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள் என்ற ரீதியில் எழுதியும் கொடுத்தார். குற்றம் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல வேண்டும். அநேகமாக இருக்கும் என்பது போதாது.

அப்புறம் போனை வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குள் விட்டார்கள். தலைவரை நாங்களே தேர்ந்தெடுத்தோம். 1670-ல் லண்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரியை இரண்டு இரவு சோறில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சாண்ட்விச்சாவது வந்தது. முதலில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தது 2 மணி 10 நிமிடம் கழிந்தபிறகு, நீதிபதி அனுமதித்தால் 10 பேர் போதும். அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதை மனைவிக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். வழக்கு முடிந்தாலும் அதைச் சொல்வது குற்றம்.

செலவுப் படிவத்தோடு டிக்கெட் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். பணம் நேரே வங்கிக்கு வரும். 2 ஆண்டுக்குள் மறுபடி சம்மன் வந்தால், ஏற்கெனவே போய்வந்ததைச் சொல்லி விலக்குக் கேட்கலாம்.