ஷேர் ஆட்டோவின் மஞ்சள் ஒருவழியாகக் கலங்காமல் வந்துவிட்டது: எங்கள் கேம் ஸ்டுடியோ தளம், இதுவரை

வந்துவிட்டது! எங்கள் தளத்தின் முகப்பில் ஓடுகிற விளையாட்டு வீடியோவில் ஷேர் ஆட்டோவின் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டே பிக்சல்தான், அதுகூட தார் ரோட்டில் கரையாமல் தனியாகத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு தளத்தின் மற்ற வேலையெல்லாம் அப்படியே நின்றிருந்தது, அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாங்கள் இரண்டு பேர். புரோகிராம் என்னுடையது, படம் வரைவது நண்பன். வேளச்சேரி விஜயநகரில் ஆள் ஏற்றிக்கொண்டு தாம்பரம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டும் விளையாட்டு, 320×180 அளவில் பிக்சல் ஆர்ட், அதாவது சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்த படம். நடுவில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரும் இடத்தில் பூநாரைகள் நிற்கும், அதை அவன் வரைந்திருக்கிற அழகுக்கே ஒரு தளம் வேண்டும் என்று ஆரம்பித்தோம்.

தளம் எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்பதற்கு ஒரு வழி பிடித்திருக்கிறேன். "எப்படி இருக்கு?" என்று யாரிடம் கேட்டாலும் "சூப்பரா இருக்குடா" என்றுதான் வரும். பெருங்குடியில் இதே வெப் டிசைன் வேலை பார்க்கும் நண்பனும் அதையேதான் சொன்னான். அப்புறம் கேள்வியை மாற்றினேன். போனைக் கையில் கொடுத்து, ஐந்து விநாடியில் வாங்கிக்கொண்டு, "இது என்ன சைட்?" என்று மட்டும் கேட்பேன். பதில் தெரியாதவர் யாரும் சூப்பர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த ஒரு கேள்வியில் கிடைத்தது மற்ற எல்லாக் கருத்தையும்விடப் பெரிது.

விஜயநகர் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அப்போது முகப்பில் மேலே ஸ்டுடியோ பெயர், லோகோ, அதற்குக் கீழே எங்களைப் பற்றி இரண்டு வரி, விளையாட்டு அதற்கும் கீழே. "ஏதோ கம்பெனி விளம்பரமா தம்பி?" என்றார். விரலால் கீழே தள்ளியதும் வண்டி படம் வந்தது. முகம் மாறிவிட்டது. பட்டனை விட்டுவிட்டு நேராக வண்டி மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினார், ஒன்றும் ஆகவில்லை, திரும்ப அழுத்தினார். "வண்டி ஓடுறத முதல்ல காட்டு, உங்க பேரு யாருக்கு வேணும்" என்றார். அன்றைக்கே லோகோவைச் சின்னதாக்கி மூலைக்கு அனுப்பிவிட்டு, முழு முகப்பையும் ஓடும் விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டோம், வீடியோவின் மேல் எங்கே தொட்டாலும் விளையாடும் பக்கம் திறக்கிறது. சித்தி பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள், அவள் மொட்டை மாடி வெயிலில் பார்த்துவிட்டு, "அண்ணா, பட்டன்ல எழுத்தே தெரியல" என்றாள். மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் (பின்னணியோடு வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்று வெப் அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன, மஞ்சளில் வெள்ளை அதன் பக்கத்தில்கூட வராது. கறுப்பு எழுத்து போட்டதோடு அது முடிந்தது.

சரி, வீடியோ. முதலில் ஜிஃப் (அசையும் படம்) போட்டுப் பார்த்தோம். 256 நிறம்தான் தாங்கும், ஆனால் எங்கள் படத்தில் அவ்வளவு நிறமே கிடையாது, அதனால் நிறம் அச்சு அசலாக வந்தது. சிக்கல் எடையில். ரோடு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு ஃபிரேமிலும் படம் முழுக்க மாறுகிறது, ஜிஃப்புக்கு அதைச் சுருக்கத் தெரியாது, சில விநாடிக்கே பல எம்பி ஏறிவிட்டது. எம்பி4 வீடியோவாக மாற்றினால் எடை ஒரு எம்பிக்குள் அடங்குகிறது, நிறம் போய்விடுகிறது. மஞ்சள் ஓரமெல்லாம் அழுக்காகி, சிவப்பு விளக்கு பழுப்பாகக் கரைந்து ரோட்டோடு போய்விட்டது. பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு இவ்வளவு டேட்டா என்ற அளவை, ஏற்றிப் பார்த்தேன், கொஞ்சமும் மாறவில்லை.

காரணம் 4:2:0 என்ற நிறச் சேமிப்பு முறை. வெப்பில் ஓடுகிற, ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும், நிறம் மட்டும் இரண்டுக்கு இரண்டு, அதாவது நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். சினிமாக் காட்சியில் இது கண்ணுக்கே தெரியாது. பிக்சல் ஆர்ட்டில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் சிவப்பும் சாம்பலுமாக இருக்கும்போது இரண்டையும் கலந்து ஒரு நிறமாக்கி வைத்துவிடுகிறது. எவ்வளவு பிட்ரேட் கொடுத்தாலும் இல்லாத நிறம் திரும்பி வராது. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் வைக்கும் 4:4:4-ல் என்கோட் செய்தால் (வீடியோவாகச் சுருக்கினால்) நிறம் சரியாக இருக்கும், ஆனால் பல பிரவுசரிலும் போனிலும் ஓடாது, அதனால் அதை விட்டுவிட்டேன்.

வழி இதுதான்: என்கோட் செய்வதற்கு முன்பே படத்தைப் பெரிதாக்க வேண்டும், அதுவும் இரட்டைப்படை மடங்கில். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், அளவு மாற்றும் ஸ்கேல் ஃபில்டருக்கு நெய்பர் என்ற ஃபிளாகை (பிக்சலைக் கலக்காமல் அப்படியே பெரிதாக்கச் சொல்லும் குறிப்பு) கொடுத்து 640×360 ஆக்கினால் விளையாட்டின் ஒரு பிக்சல் சரியாக இரண்டுக்கு இரண்டு கட்டமாகிவிடும், வீடியோவைச் சுருக்கும் கோடெக் நிறம் சேமிக்கும் கட்டமும் அதே இரண்டுக்கு இரண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொள்வதால் கலப்பதற்கு வேறு நிறமே அங்கே இருக்காது. மூன்று மடங்கு வேலைக்காகாது, ஒன்று விட்டு ஒரு கோட்டில் கட்டம் பிசகி ஓரம் மறுபடியும் அழுக்காகும். கம்ப்யூட்டருக்கு நான்கு மடங்கு, 1280×720. ஃபிளாகை மறந்தால் வழக்கமான பைகியூபிக் முறையில் பக்கத்துப் பிக்சல்கள் கலந்து எல்லாம் மழுங்கிப்போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்ததைப் பார்த்துவிட்டு நண்பன் ராத்திரியே போன் போட்டு, "மச்சான், இதான்டா நான் வரஞ்சது" என்றான்.

அடுத்து போனின் அகலம். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் பக்கத்தின் அகலம் 360 சிஎஸ்எஸ் பிக்சல், அதாவது பிரவுசர் அளக்கும் பிக்சல்; திரையின் நிஜப் பிக்சல் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். வீடியோவை ஓரம்வரை இழுத்துப் போட்டால் 320 பிக்சல் 360-ல் பரவவேண்டும், கணக்கு முழுசாக வராது, வண்டி நகரும்போது ஓரங்கள் மினுமினுக்கின்றன. இரண்டு பக்கமும் 20 பிக்சல் இடம் விட்டு வீடியோவைச் சரியாக 320-ல் நிறுத்தினேன். திரை இரண்டு மடங்காக இருந்தாலும் மூன்று மடங்காக இருந்தாலும் முழு எண்ணாகவே விழுகிறது. பார்ப்பதற்கு ஒரு ஃபிரேம் போட்டமாதிரியும் ஆகிவிட்டது. அந்த மார்ஜினை யார் குறை சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

ஐபோனில் வீடியோ தானாக ஓட மியூட்டும் (சத்தம் அணைப்பது) பிளேஸ்இன்லைனும் (முழுத்திரைக்குப் போகாமல் பக்கத்திலேயே ஓடுவது) வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆப்பிள் 2016-ல் ஐஓஎஸ் 10-ல் இருந்தே அப்படித்தான். ஆனால் ஐபோன் பேட்டரி மிச்சப்படுத்தும் லோ பவர் மோடில் இருந்தால் இவ்வளவு செய்தும் ஓடாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு ரயிலில் பார்ப்பவர்கள் பாதிப்பேர் அந்த மோடில்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம், அதனால் வீடியோ ஓடாதபோது தெரியும் போஸ்டர் படத்துக்கும் அதே அளவு மெனக்கெட வேண்டும். வண்டியில் ஆள் ஏறுகிற நொடியை எடுத்து வைத்திருக்கிறேன், நின்றுபோனாலும் என்ன விளையாட்டு என்று புரியும்.

தமிழ் எழுத்துக்குத் தலைப்பில் கட்டமரன் என்ற எழுத்துரு, உள்ளே முக்தா மலர். ஆங்கிலத் தளங்களின் டெம்ப்ளேட்டில் தலைப்பின் வரி உயரம் 1.1 என்று இருக்கும், இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் "கூ"வும் கீழ்வரியின் "கீ"யும் இடித்துக்கொள்கின்றன. 1.4-ல் வைத்தேன், மூச்சு விடுகிறது.

சோதிக்க ஒரு பழைய போன் வேண்டும் என்று ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன். செகண்ட் ஹேண்டில் 2 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு, திரையில் ஒரு கீறல், அதைக் காட்டியே விலையைக் குறைத்தாயிற்று. தளம் செய்கிற எல்லோரும் இப்படி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். என் லேப்டாப்பில் உடனே திறக்கிற பக்கம் அதில் எப்படித் திணறுகிறது என்று பார்த்த பிறகுதான் தேவையில்லாத இரண்டு ஸ்கிரிப்டைத் தூக்கினேன். வாங்கும்போது சார்ஜிங் பின் ஆடுகிறதா என்று அங்கேயே செருகிப் பாருங்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கான பக்கம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. கேம் உருவாக்குநர் ரமி இஸ்மாயில் செய்த பிரஸ்கிட் வடிவத்தையே பின்பற்றலாம் என்றிருக்கிறோம்: விவரப் பட்டியல், ஸ்கிரீன்ஷாட், லோகோ, எல்லாம் ஒரே ஜிப்பில். அதை முடிக்காமலேயே மனசு கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்துக்குப் போய்விட்டது. அங்கே விளையாட்டைப் போட 100 டாலர் கட்டவேண்டும், ஆயிரம் டாலர் வருமானம் வந்தபிறகு அது திரும்பிவரும். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே "விரைவில்" பக்கம் போட்டிருக்க வேண்டும் என்பது விதி, எங்களுக்கு அதைவிட ரொம்ப முன்பே போட ஆசை. அதற்கான சின்னப் படத்தில் வண்டியும் தெரியவேண்டும், பெயரும் படிக்க முடியவேண்டும். நண்பன் பூநாரையையும் சேர்க்கலாம் என்கிறான், அவ்வளவு சின்ன இடத்தில் அது வெறும் இளஞ்சிவப்புப் புள்ளியாகிவிடும் என்கிறேன் நான். இரண்டு விதமாகவும் வரையச் சொல்லியிருக்கிறேன், ஸ்டாண்டில் ஐந்து விநாடி காட்டித்தான் முடிவு செய்வோம்.