காற்று ஒழுகும் பழைய ஆர்கன்: துருத்தி வேலை முடிந்தது

முதலியார்பேட்டை வீட்டில் பிரித்துப் போட்டிருக்கும் அமெரிக்க ஆர்கன் என்ற கட்டை வாத்தியத்தின் துருத்தி ஒருவழியாகக் காற்றைப் பிடித்து நிற்கிறது. காலால் மிதிக்க வேண்டும், ஆனால் துளையிட்ட காகித உருளையை மாட்டினால் தானே வாசிக்கும் வகை இது. துருத்தி, ஒலி எழுப்பும் உலோக நாக்குகள் இருக்கும் ரீட் பெட்டி, உருளைப் பகுதி என எங்கே வேண்டுமானாலும் ஒழுகலாம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் மேலே இருந்ததையெல்லாம் கழற்றி, காற்று வரும் வாயை அட்டையும் டேப்பும் வைத்து அடைத்துவிட்டு, துருத்தியை மட்டும் மிதித்துப் பார்த்தேன்.

நம்ம ஊர் ஆர்மோனியம் காற்றை வெளியே தள்ளும், இது உள்ளே உறிஞ்சும். சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இதற்குச் சரிவராது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒருவர் மிதிக்க, ஊதுபத்தியை மடிப்பு ஓரமாக மெதுவாக நகர்த்தினேன். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை இடது மூலைக்கு வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே போனது. அங்கே ரப்பர் துணி விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. ஒரு மூலை அப்படியிருந்தால் மற்றதும் அந்த வயதுதானே, துணி முழுவதையும் மாற்றிவிட்டேன்.

ஒட்டியது வஜ்ஜிரத்தில், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பழைய மரப்பசையில். கடலூரில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர், "வேற பசை போட்டீங்கன்னா அடுத்தவன் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பேந்து வரும் தம்பி" என்றார், நூற்றுக்கு நூறு உண்மை. வஜ்ஜிரத்தை வெந்நீருக்குள் கிண்ணம் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும், கொதித்தால் பிடிமானம் போய்விடும். இங்கே கடற்காற்று ஈரம் வேறு, நன்றாகக் காயும்வரை மிதிக்கவே கூடாது.

துணி புதிது, ஆனாலும் மிதிப்பதை நிறுத்தினால், மிதிக்கும்போது சுருங்கி உறிஞ்சலைத் தேக்கி வைக்கும் பெரிய துருத்தி 5 நொடியில் விரிந்துவிட்டது. மிதி துருத்திகளில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் தோல் பட்டைகள் ஓரம் சுருண்டு, பலகையில் படியாமல் நின்றிருந்தன. மென்மையான புதுத் தோலை இரு முனையிலும் சற்று இழுத்துப் பொருத்தியதும் அரை நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது.

அப்புறம் உருளைப் பகுதியைத் திரும்ப மாட்டினேன். காகிதத்தின் ஓட்டை பித்தளைப் பட்டியின் துளைமேல் வந்தால் காற்று உள்ளே போய் அந்தச் சுரம் ஒலிக்கும். அதனால் காகிதம் ஓடும் அந்தப் பட்டியின் துளைகளையெல்லாம் டேப்பால் மூடி மிதித்தால் ஒரு சுரமும் ஒலிக்கக் கூடாது. மேல் ஸ்தாயியில் இரண்டு ஒலிக்கின்றன. அவற்றின் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது அந்தக் காற்றில் உப்பிச் சுரத்தை ஒலிக்கவைக்கும் சிறு தோல் பைக்குப் பக்கத்தில் காற்று வடிவதற்கென்று இருக்கும் ஊசித்துளையைத் தூசி அடைத்திருக்கலாம். முதலில் குழாயைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.