1800 டிகிரியில் கார்பைடைக் கெட்டியாக்கிய அலைச்சல்

டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம் ஐந்தையும் சம பங்கில் சேர்த்த ஹை-என்ட்ரோபி கார்பைடு (பல உலோகங்கள் கார்பனோடு ஒரே படிகமாகக் கலந்த பொருள்) பவுடர் ஒருவழியாக 1800 டிகிரியில் துளையில்லாக் கட்டியாகக் கெட்டியாகிவிட்டது. 2018 வாக்கில் வந்த முதல் கட்டுரைகளில் 2000 டிகிரியும் அதற்கு மேலும்தான் பேச்சு. அதனால் எனக்கு இது பெரிய நிம்மதி.

பவுடரைக் கலந்து பால் மில்லில் (கனமான குண்டுகள் போட்ட சுழலும் ஜாடியில்) அரைத்ததெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் எஸ்பிஎஸ் மெஷினில்தான், அதாவது அச்சில் போட்ட பவுடரை மின்னோட்டத்தால் சூடாக்கி அழுத்திக் கெட்டியாக்கும் மெஷினில். எங்கள் லேபில் அது இல்லை, வெளியூர் நிறுவனம் ஒன்றில் ஸ்லாட் வாங்க வேண்டும். அவர்களுடைய படிவத்தில் உச்ச வெப்பநிலை, அழுத்தம், அதே சூட்டில் வைக்கும் நேரம், இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஏறும் வழியில் நிறுத்த வேண்டும் என்று எழுத இடமே இல்லை. அதனால் தனித் தாளில் எழுதிப் பின் அடித்து அனுப்பினேன்: வெற்றிடத்தில் 1500 டிகிரியில் லேசான அழுத்தத்தோடு நிறுத்தவும், அதன் பிறகே 50 மெகாபாஸ்கல். மெஷின் பார்ப்பவர் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமான புரோகிராமைப் போட்டு, தொடக்கத்திலிருந்தே முழு அழுத்தம் கொடுத்துவிட்டார்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு துகள் மேலும் ஆக்சைடு படலம் இருக்கும். சூடு ஏறும்போது கார்பன் அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்து கார்பன் மோனாக்சைடு வாயுவாக வெளியேற்றும். வாயு போக வழி திறந்திருந்தால்தான் அந்த வினை முழுதாக நடக்கும். அதற்கு முன்பே அழுத்தித் துளைகளை மூடிவிட்டால் வாயு உள்ளே மாட்டிக்கொள்ளும், ஹாஃப்னியம், சிர்கோனியம் ஆக்சைடுகள் துகள்களின் எல்லையில் தங்கிவிடும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர்கள் கொடுத்த அறிக்கையில் ஒப்படர்த்தி (துளையே இல்லாத பொருளின் அடர்த்தியில் எத்தனை பங்கு என்பது) 99 சதவீதம்! எஸ்இஎம் என்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எங்கும் துளை. காரணம் பால் மில்லில் போட்ட டங்ஸ்டன் கார்பைடு குண்டுகள். அரைக்கும்போது அவை தேய்ந்து பவுடரில் ஏறும். நம் கார்பைடின் கணக்கு அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 9.4 கிராம், டங்ஸ்டன் கார்பைடுக்கு 15.6. எடையில் 5 சதவீதம் ஏறினாலே முழு அடர்த்தி 9.6-ஐ நெருங்கிவிடும். ஆனால் அறிக்கை பழைய 9.4-ஐ வைத்தே வகுக்கிறது. நுண்ணோக்கியில் படம் எடுக்காமல், ஆர்க்கிமிடிஸ் முறையில் திரவத்தில் அமிழ்த்தி அளந்த அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்த முறை நானே போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெற்றிட மானியைத்தான் பார்க்க வேண்டும். வாயு வெளிவரும்போது வெற்றிடம் கெடும், பிறகு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பிய பிறகே அழுத்தத்தை ஏற்றச் சொன்னேன். முகம் சுளித்தாலும் செய்தார்.

வெப்பநிலையைக் கீழே இறக்கியது கார்பனைக் கொஞ்சம் குறைவாக வைத்ததுதான். பவுடரில் சிறிது சிர்கோனியம் ஹைட்ரைடு சேர்த்தேன். சூட்டில் ஹைட்ரஜன் போய்விடும், மிஞ்சும் உலோகம் கார்பைடிலிருந்து கார்பனை வாங்கிக்கொள்ளும். கார்பன் இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாகி அணுக்கள் நகர்வது எளிதாகும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆக்சிஜனும் கார்பனைத் தின்னும். விற்பவர் தரும் சான்றிதழில் உள்ள ஆக்சிஜன் அளவு அரைப்பதற்கு முந்தையது. அரைத்த பிறகு தனியாக அளந்து, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்புறம், அரைத்த ஜாடியைக் காற்றில் திறக்கவே கூடாது. நுண்ணிய பவுடர் தீப்பிடிக்கும், ஆர்கான் கிளவ் பாக்ஸ் கட்டாயம்.

இன்னொன்று, பைரோமீட்டர் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) எங்கே பார்க்கிறது என்று கேட்டுவிடுங்கள். சில மெஷினில் டையின் (பவுடரைப் போடும் அச்சின்) வெளிச்சுவரை, சிலவற்றில் அழுத்தும் தண்டான பஞ்ச்சின் உள்ளே சாம்பிளுக்கு அருகில் பார்க்கும். இரண்டுக்கும் 100 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். அது தெரியாமல் "குறைந்த வெப்பநிலை" என்று இரண்டு கட்டுரைகளை ஒப்பிட்டுப் பயனில்லை. என்னுடைய 1800 உள்ளே பார்த்த அளவு.

எக்ஸ்ஆர்டிக்கு (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனைக்கு) கொடுக்கும் முன் மேற்பரப்பை நன்றாகத் தேய்த்து எடுங்கள். அச்சுக்குள் சுற்றிவைக்கும் கிராஃபைட் ஃபாயிலிலிருந்து கார்பன் ஏறிய மேல்தோல் வேறு கதை சொல்லும். தேய்த்த பிறகு எனக்கு உப்புக்கல் அமைப்பின் பீக்குகள் ஒரே ஒரு வரிசையாக வந்தன, அதாவது ஐந்து உலோகங்களும் ஒரே கார்பைடாகக் கலந்திருந்தன. ஆக்சைடு பீக் எதுவும் இல்லை. எஸ்இஎம்மிலும் துளைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அடுத்து 1700-க்கு ஸ்லாட் கேட்டிருக்கிறேன், நானும் கூட இருப்பேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டேன்.