பந்து, ஊசல், மாவு மூட்டை, நடை: கையால் வரையும் அனிமேஷன் வகுப்பில் கற்றவை

கதாபாத்திரங்கள் வரையும் ஆசையோடுதான் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தேன். முதல் பயிற்சியாகக் கிடைத்தது ஒரு வட்டம். அதுதான் சரியான தொடக்கம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வட்டம் யாருக்கும் வரும். அதனால் ‘நன்றாக வரைகிறேனா’ என்ற கவலை விலகி, அசைவில் மட்டும் கவனம் நிற்கிறது.

கருவிகள் கொஞ்சம்தான்: அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸ், தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார், அதில் மாட்டத் துளையிட்ட தாள்கள், பென்சில். திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம். பயிற்சிகளைப் பெரும்பாலும் ‘டூஸ்’ கணக்கில் செய்தோம். அதாவது ஒரு ஓவியம் இரண்டு ஃபிரேம் நிற்கும். நொடிக்கு 12 ஓவியம் போதும். அதனால் தாள்களின் எண்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் ஓடும்.

பந்து துள்ளும் பயிற்சியில் ஆசிரியர் முதலில் ஒன்று செய்யச் சொன்னார். ஒரே தூரம், ஒரே எண்ணிக்கையில் ஓவியங்கள், இரண்டு பந்துகள். முதல் பந்துக்கு இடைவெளிகள் எல்லாம் சமம். இரண்டாவதற்கு உச்சியில் ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, தரையை நோக்கி வர வர விலகிப் போகும். ஓட்டிப் பார்த்தால் முதல் பந்தை யாரோ கயிறு கட்டி இறக்குவது தெரிகிறது. இரண்டாவது பந்து விழுகிறது! எடுத்துக்கொண்ட நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். எத்தனை ஃபிரேமில் நடக்கிறது என்பது டைமிங், அந்த ஃபிரேம்களில் பொருள் எங்கெங்கே நிற்கிறது என்பது ஸ்பேசிங். புத்தகத்தில் படித்தபோது ஒன்றுபோலத் தோன்றிய இந்த இரண்டும் அன்றைக்குத்தான் எனக்குத் தனித்தனியாகப் பிரிந்தன.

பந்து தரையில் நசுங்கும் ஓவியத்தில் உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும். இல்லையென்றால் பந்தே சிறுத்துப்போன மாதிரி இருக்கும். அடுத்தடுத்த துள்ளல்களில் உயரம் மட்டுமல்ல, ஓவியங்களின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். உயரத்தை மட்டும் குறைத்தால் கடைசித் துள்ளல்களில் பந்து காற்றில் மிதக்கும். இரும்புக் குண்டு என்றால் நசுங்கவே கூடாது, ஒன்றிரண்டு சிறு துள்ளலோடு உருண்டு நின்றுவிட வேண்டும். கோடு மாறவில்லை, வட்டம் மாறவில்லை, எடை மட்டும் மாறுகிறது. இதைவிட அழகான பாடம் எனக்கு அந்த வகுப்பில் கிடைக்கவில்லை.

கயிற்றில் குண்டு தொங்கி ஆடும் ஊசல் கொஞ்சம் கடினம். இடது கோடி, வலது கோடி என்று இரண்டு கீ ஓவியங்கள், அதாவது அசைவின் முக்கிய நிலைகள். நடு ஓவியத்தை இரண்டுக்கும் நேர்நடுவில் வைத்தால் கயிறு குட்டையாகிவிடும், ஏனென்றால் குண்டு போகும் பாதை நேர்கோடு அல்ல, வில். இதற்குச் சொல்லித்தந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வில்லை மெல்லியதாக வரைந்து நடு இடத்தைப் புதுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று தாள்களையும் பெக்கிலிருந்து கழற்றி, இரண்டு கீயிலும் உள்ள ஊசல்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, குறித்த இடம் அவற்றின்மேல் அமையுமாறு புதுத் தாளை வைத்துப் படியெடுக்க வேண்டும். மறுபடி பெக்கில் மாட்டினால் கயிற்றின் நீளம் மாறாமல் நடு ஓவியம் சரியான இடத்தில் நிற்கும்.

எல்லாப் பயிற்சிகளுக்கும் அடியில் ஓடிய பயிற்சி தாள் புரட்டுவது. விரல்களுக்கு இடையே ஒவ்வொரு தாளாகப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் மடக்கி அசைவைப் பார்த்துக்கொண்டே மறுகையால் வரைய வேண்டும். தொடக்கத்தில் விரல்கள் ஒத்துழைக்காது, தாள் நழுவும். பழகியபின் அது இல்லாமல் கோடு போட மனம் வராது. கணினியில் முன்பின் ஓவியங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதி இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது இடத்தைத்தான் காட்டும். வேகத்தை உணரப் புரட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது பாதி நிரம்பிய மாவு மூட்டை. முகம் கிடையாது, மூலைகள்தான் கையும் காலும். குதிப்பதற்குமுன் குந்த வேண்டும், எழும்பும்போது நீள வேண்டும், இறங்கியதும் மாவெல்லாம் அடியில் சரிந்து, மேல் மூலைகள் சற்றுத் தாமதமாக வந்து விழ வேண்டும். அந்தத் தாமதத்தை ஓரிரு ஓவியம் கூட்டியதுமே மூட்டை களைத்துப்போனது போலத் தெரிந்தது. உணர்ச்சிக்கு முகம் கட்டாயமில்லை என்று அப்போது நம்பினேன்.

நடைக்கு வந்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. ஓர் அடிக்கு 12 ஃபிரேம் என்றால் சாதாரண நடை, 16 என்றால் நிதானம், 8 என்றால் அவசரம். இரண்டு பாதமும் தரையில் விரிந்திருக்கும் காண்டாக்ட், எடை இறங்கி முழங்கால் மடங்கும் டவுன், ஒரு கால் மற்றதைக் கடக்கும் பாசிங், உடல் உயர்ந்து நிற்கும் அப் ஆகிய நான்கு நிலைகளும் கிடைத்துவிட்டால் நடை வந்துவிட்டது என்று தோன்றும். பென்சில் ஓவியங்களை அப்படியே படமெடுத்து ஓட்டிப் பார்க்கும் லைன் டெஸ்டில்தான் பாதத்தின் குறை தெரியும். ஒரே இடத்தில் நடப்பதாக வரையும்போது, தரையில் ஊன்றிய பாதம் ஒவ்வொரு ஓவியத்திலும் ஒரே அளவு பின்னால் போக வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் ஆள் வழுக்குவார். பந்தில் இடைவெளிகளை மாற்றி மாற்றி எடை கொடுத்த நமக்கு, இங்கே தரைக்காக இடைவெளியைச் சமமாக வைக்க வேண்டியிருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தலை டவுனில் தாழ்ந்து அப்பில் உயர்ந்து ஓர் அலைபோல் போகும், கைகள் காலுக்கு எதிராக வீசும்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பந்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு நடைக்கு ஓடாதீர்கள். நடையில் சிக்கும் இடமெல்லாம் பந்திலோ ஊசலிலோ ஏற்கெனவே சொல்லித்தரப்பட்டதாகவே இருக்கும். நான் இப்போது தலை திருப்பும் பயிற்சியில் இருக்கிறேன். மூக்கு நேர்கோட்டில் போனால் தலை திரும்பாமல் மூக்கு மட்டும் முகத்தின்மேல் சறுக்குவது போலத் தெரிகிறது. நடுவில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த இடத்தில் கண்ணை மூட வைத்ததும் திரும்பிவிட்டது. ஊசலின் அதே வில்தான். இமையை எந்த ஓவியத்தில் திறப்பது என்பதைத்தான் இன்னும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.