வட்டவளை வளைவும் என் பழைய ஓட்டோ கியரும்

வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் வளைவில்தான் அது முதலில் தெரிந்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் நேரம் எஞ்சின் மட்டும் வீறிட்டது, வேகம் கூடவில்லை. அப்புறம் 'டொக்' என்று ஒரு உலுக்கல். கண்டி கிளினிக்கிலிருந்து களைத்து வந்து பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்துவிட்டார்.

கார் 1998இல் ஜப்பானில் செய்தது; கியர் தானாக மாறும் ஓட்டோ. விற்றுவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களே யானை விலை. 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியோடு சேர்த்தால் புதுக்கார் என் சம்பளத்துக்குக் கிட்ட வராது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய கியர்ப்பெட்டி ஒன்று வாங்கலாம்தான். ஆனால் அது எத்தனை லட்சம் கிலோமீற்றர் ஓடியது என்று யார் சொல்வது?

முதலில் போன கராஜில் மெஷின் வைத்து கியர் ஒயில் முழுவதையும் கழுவித் தருகிறேன் என்றார்கள். நல்லவேளை, அன்று நேரம் இல்லை. இரண்டாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் பாஸ் ஒயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மோந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்துப்போய்க் கருகல் வாசம் அடித்தது.

"கழுவிடாதீங்க தம்பி. இவ்வளவு தேஞ்ச பெட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்" என்றார்.

அழுத்தம் கொடுத்துக் கழுவினால் படிந்த கசடு கிளம்பி, உள்ளே இருக்கும் மெல்லிய வழிகளை அடைத்துவிடலாம். அதனால் அடித்தட்டைக் கழற்றி, வடிகிற மூன்று லீற்றர் சொச்சத்தை மட்டும் மாற்றினோம். மிச்சம், எஞ்சின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கடத்தும் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை இப்படி. தட்டின் காந்தத்தில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் நிறப் பசை. பாஸ் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்; நெருடவில்லை. இரும்புத் துணுக்கு இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். வடிகட்டியும் கேஸ்கட்டும் புதிது.

எனக்கு ஆத்திரம் வந்தது அடுத்த விஷயத்தில்தான். எக்ஸிலேட்டரிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் கேபிள் தளர்ந்து தொங்கியது. அது தளர்ந்தால் உள்ளே ஒயில் அழுத்தம் குறையும், பெட்டிக்குள் இருக்கும் கிளச் தகடுகள் வழுக்கும், வழுக்க வழுக்கத் தேயும். இத்தனை வருடத்தில் கார் ஏறி இறங்கிய எந்தக் கராஜிலும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. இறுக்க எடுத்தது பத்து நிமிடம்.

மலைநாட்டில் இந்தப் பெட்டிக்கு எமன் சூடுதான். கினிகத்தேனையிலேயே நான்காம் கியரான ஓவர்டிரைவை நிறுத்திவிடுகிறேன். கியர் மூன்றுக்கும் நான்குக்கும் அலைவதில்லை. மேட்டில் நிற்கும்போது எக்ஸிலேட்டரால் தாங்கிப் பிடிப்பதை விட்டுவிட்டேன், பிரேக்தான். ரிவர்ஸிலிருந்து, முன்னே ஓட்டும் டி-க்கு வரும் முன் கார் முழுதாக நிற்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகுதான் பார்க்கிங் பி. பழைய ரேடியேட்டரையும் மாற்றினேன். இந்தக் காரில் கியர் ஒயில் குளிர்வது அதற்குள்தான். உள்குழாய் ஓட்டையாகித் தண்ணீர் கலந்தால் கிளச் தகடுகள் உரிந்து போகும்.

முன்பெல்லாம் காலையில் டி-க்குப் போட்டுவிட்டு நான்கு வரை எண்ணுவேன். இப்போது இரண்டுக்குள் பிடிக்கிறது. மூன்றாம் கியரில் இலேசான இழுப்பு இன்னும் இருக்கிறது, அது போகாது. போன மாதம் கிளினிக் முடிந்து வரும்போது வட்டவளை வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.