பெர்லினில் வீடு தேடுகிறீர்களா? மார்ட்சானை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்

பெர்லினில் வீடு தேடும் நம்மவர்களிடம், ஊரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் மார்ட்சான் பகுதியின் பேரைச் சொன்னாலே "அய்யோ, அங்கேயா?" என்றுதான் கேட்பார்கள். என் அலுவலகத்தில் ஜெர்மன்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், இங்கே வந்து பல வருஷமான தமிழர்களும் அதையேதான் சொன்னார்கள். சரி, உங்களில் யார் அங்கே போயிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒருவர் மட்டும் தோட்டம் பார்க்கப் போயிருக்கிறார், மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நாங்கள் இப்போது அங்கேதான் குடியிருக்கிறோம். வீடு பார்க்கப் போனதிலிருந்து குடியேறியது வரை நடந்ததை எழுதுகிறேன், தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் காகிதங்கள். இந்த ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. காலையில் விளம்பரம் வந்தால் மதியத்துக்குள் விண்ணப்பங்கள் குவிந்து அதை இறக்கியே விடுவார்கள், அதனால் விளம்பரத்தைப் பார்த்த பிறகு காகிதம் சேர்க்க ஆரம்பித்தால் ரயில் போய்விடும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், கடன் பாக்கி நிலவரம் காட்டும் ஷுஃபா சான்று, வாடகை பாக்கி இல்லை என்று பழைய வீட்டுக்காரர் தரும் கடிதம், நம்மைப் பற்றிய விவரப் படிவம், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து ஃபோனிலேயே வைத்துக்கொண்டேன். நகராட்சிக்குச் சொந்தமான வீட்டு நிறுவனங்கள் ஆறு இருக்கின்றன (டெகெவோ, கெசோபாவ், கெவோபாக், ஹோவோகெ, ஷ்டாட் உண்ட் லாண்ட், வேபேஎம்). அவற்றின் காலி வீடுகளெல்லாம் ஒரே இணையதளத்தில் வரும். தனியார் தளங்களோடு அதையும் தினமும் பார்க்க வேண்டும். வருமானம் குறைவாக இருந்தால் வேபேஎஸ் என்ற அனுமதிச் சீட்டுக்கு முதலிலேயே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் சில வீடுகளுக்கு மனுவே போட முடியாது.

விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள். கால்ட் என்பது வீட்டுக்கு மட்டும், வார்ம் என்பது சூடேற்றம், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் இதெல்லாம் சேர்ந்தது, மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. அறை எண்ணிக்கையில் ஹாலும் ஒரு அறைதான். அதாவது மூன்று அறை வீடு என்றால் நம் கணக்கில் இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும்.

வீடு பார்க்க வரச்சொல்லி மின்னஞ்சல் வந்ததும் என் மனைவி சொன்னாள், "பத்து நிமிஷம் வீட்டைப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டாம், பாதி நாளாவது அந்த ஏரியாவில் சுத்திட்டு வரலாம்." அதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். வீட்டைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான், ஆனால் வருஷக்கணக்கில் நாம் வாழப்போவது வீட்டுக்கு வெளியிலும்தானே.

அலெக்சாண்டர்பிளாட்ஸில் ஆரென்ஸ்ஃபெல்டே போகும் எஸ் 7 ஏறினால் அரை மணிக்குள் மார்ட்சான். டிக்கெட் ஏபி மண்டலம் போதும், ஊரின் ஓரமாச்சே என்று சி மண்டலம் வாங்க வேண்டியதில்லை. ஃபிரீட்ரிக்ஸ்ஃபெல்டே ஓஸ்ட் தாண்டி ஷ்ப்ரிங்ப்ஃபூல் வரும்போதே ஜன்னலுக்கு வெளியே பதினொரு மாடிக் கட்டடங்கள் வரிசையாக ஆரம்பித்துவிடும். முதல் பார்வைக்கு மிரட்டும், மறுக்கவில்லை. இறங்கி நடந்தபோதுதான் இடம் புரிந்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி, அதில் நாற்பது வருஷத்துக்கு மேல் வளர்ந்த மரங்கள், சறுக்குமரம், மணல்தொட்டி, பெஞ்சு. க்ராய்ட்ஸ்பெர்கில் நாங்கள் அப்போது இருந்த வீட்டில் பின்பக்க முற்றத்தைப் பார்த்த ஜன்னல், வெயில் என்பதே அபூர்வம். இங்கே வெயில் தாராளமாக விழுந்தது.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இடத்தை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். கிழக்கு ஜெர்மனி அரசு 1990க்குள் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்த்துவிடுவது என்று 1973இல் திட்டம் போட்டது. மார்ட்சானில் 1977இல் வேலை தொடங்கியது, 1979இல் அது தனி மாவட்டமானது. கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையிலேயே வார்த்து, லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கிக் கோத்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டடங்களுக்கு பிளாட்டன்பாவ், அதாவது பலகைக் கட்டுமானம், என்று பெயர். நாங்கள் வீடு பார்க்கக் காத்திருந்தபோது கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பாட்டி தபால் எடுக்க வந்தார். அவர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே குடிவந்தவராம். அதற்கு முன் ஊருக்குள் இருந்த வீட்டில் கரி அடுப்பு, கழிவறை மாடிப்படியில், அதுவும் அண்டை வீட்டாரோடு பொது. இங்கே வந்து குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது, தனிக் குளியலறை இருந்தது, குளிர்காலத்தில் கரி தூக்க வேண்டியதில்லை. ரோடு மட்டும் இல்லையாம். முதல் சில வருஷம் சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், ஸ்டேஷனில் செருப்பு மாற்றிக்கொள்வார்களாம். இந்த வீட்டுக்காக மக்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் பெருமை இருந்தது. பெர்லின் சுவர் இடிந்த பிறகு இளைஞர்கள் கிளம்பிப் போக, வீடுகள் காலியாக, ஆரென்ஸ்ஃபெல்டே பக்கம் பதினொரு மாடிகளை மூன்றிலிருந்து ஆறு மாடி வரை வெட்டிக் குறைத்தே விட்டார்கள். ஊருக்குள் இன்று வீட்டுக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

வாசலில் எங்களோடு இன்னும் சில குடும்பங்கள், ஒரு மாணவர், ஒரு வயதான தம்பதி. நிறுவனத்திலிருந்து வந்த அம்மா எல்லோரையும் சேர்த்தே உள்ளே விட்டார். நான் ஹாலையும் பால்கனியையும் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி நேரே சமையலறைக்குப் போய் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். இது சாதாரண விஷயமில்லை. இந்தக் கட்டடங்களில் பல வகை உண்டு. பே 2 என்ற பழைய வகையில் சமையலறையும் குளியலறையும் வீட்டின் நடுவில் இருக்கும், ஜன்னல் கிடையாது, காற்றுப் போக்கி ஒன்றுதான். நாம் தாளிக்கும் தாளிப்புக்கு அது ஆகாது. வேபேஎஸ் 70 என்ற வகையில் (முன்னால் சொன்ன அனுமதிச் சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) சமையலறைக்கு வெளி ஜன்னல் உண்டு. எங்களுடையது அந்த வகை. குளியலறைக்கு மட்டும் ஜன்னல் இல்லை, அதனால் கூரையோரம் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன், காற்றுப் போக்கியில் டிஷ்யூ காகிதத்தை வைத்து இழுக்கிறதா என்றும் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது, நல்லது. குழாயைத் திறந்து வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது, ஜன்னல்கள் மேல்பக்கம் சாய்ந்தும் கதவுபோல முழுசாகவும் திறக்கிறதா, அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வீட்டோடு சேர்ந்தவையா இல்லை பழையவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டோம். மற்றவர்கள் இருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள்.

லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து ஆறு மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்டே இல்லை. உயரமான சில கட்டடங்களில் லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. குழந்தை வண்டி வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்று நினைப்பவர்கள், இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வெளியே வந்து நடக்க ஆரம்பித்தோம். மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலேயே பழைய மார்ட்சான் கிராமம் அப்படியே இருக்கிறது. கல் பாவிய தெரு, மஞ்சள் செங்கல் தேவாலயம், மேட்டின் மேல் மரக் காற்றாலை, ஆடும் கழுதையும் நிற்கும் ஒரு பண்ணை. காற்றாலை 1994இல் புதிதாக எழுப்பியது, ஆனாலும் உண்மையாகவே மாவு அரைக்கும். என் மகள் கழுதையை விட்டு வர மாட்டேன் என்றாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓட்டோ ரோசன்பெர்க் சதுக்கம். 1936 ஒலிம்பிக்குக்கு முன் நகரைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று நாஜிகள் 'ஜிப்சிகள்' என்று ஒதுக்கப்பட்ட சிந்தி, ரோமா மக்களைப் பிடித்துவந்து இந்தப் பகுதியில்தான் அடைத்து வைத்தார்கள். ஓட்டோ ரோசன்பெர்க் அப்போது ஒன்பது வயதுப் பையன். பிறகு இங்கிருந்து பலரை அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், அவர் உயிர் பிழைத்து வந்தார். குடியேறப் போகிற இடத்தின் இந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து அங்கே நின்று பலகைகளை முழுக்கப் படித்தோம்.

மாலையில் கீன்பெர்க் குன்றுக்குப் போனோம். 102 மீட்டர்தான், போர் இடிபாடும் இந்தக் குடியிருப்புகளுக்குத் தோண்டிய மண்ணும் கொட்டி உயர்ந்த மேடு. 2017 தோட்டக் கண்காட்சிக்காகக் கட்டிய கேபிள் கார் அதன் மேல் போகிறது. கீழே 'உலகத் தோட்டங்கள்', 1987இல் நகரின் 750ஆம் ஆண்டுக்குக் கிழக்குப் பக்கம் திறந்த தோட்டத்தின் தொடர்ச்சி. சீனத் தோட்டம், பாலித் தோட்டம் எல்லாம் உள்ளே உண்டு. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தொலைக்காட்சிக் கோபுரம், மறுபக்கம் வயல். ஊரின் எல்லை எங்கே என்று அங்கேதான் கண்ணால் தெரியும்.

பயம் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். இங்கே வலதுசாரிகளுக்கு ஓட்டு அதிகம். 2025 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சியின் வேட்பாளர்தான் ஜெயித்தார். இதை மூடி மறைத்து உங்களை வரச்சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் பகலில் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒரு வேலைநாள் இரவு ஒன்பது மணிக்கும், ஒரு சனிக்கிழமை இரவும் தனியாக வந்து ஸ்டேஷனிலிருந்து அந்தக் கட்டடம் வரை நடந்து பார்த்தேன். நாய் கூட்டிக்கொண்டு போனவர்கள், ஸ்டேஷன் வாசலில் பீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ரஷ்ய மொழியில் சத்தமாகப் பேசிய பசங்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடிவந்த பிறகு டிராமில் ஒருவர் கசப்பாக ஏதோ முணுமுணுத்தார், எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி அவரைச் சத்தம் போட்டு அடக்கினார். க்ராய்ட்ஸ்பெர்கிலும் எனக்கு இப்படி நடந்திருக்கிறது, அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வாழப்போகிறவர் நீங்கள், நீங்கள் நடந்து பாருங்கள்.

வீடு பார்த்த அன்றிரவே விருப்பம் தெரிவித்துக் காகிதங்களை அனுப்பினோம். காத்திருந்த நாட்களில் வேறொரு தனியார் விளம்பரத்துக்கும் எழுதியிருந்தோம், "வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று பதில் வந்தது. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு சென்ட்கூடப் போடாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் இதில் பணம் விட்டிருக்கிறார்கள், கேட்கும்போது வயிறு எரிகிறது. சட்டப்படி டெபாசிட் மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட நமக்கு உரிமை உண்டு. புரோக்கரை வைத்தது வீட்டுக்காரர் என்றால் கமிஷன் அவர் பொறுப்பு, 2015இலிருந்து அதுதான் சட்டம்.

ஒப்பந்தம் வந்தது, கையெழுத்துப் போட்டோம். சாவி வாங்கும் நாளில் அவசரப்படாமல் ஒவ்வொரு அறையாகப் பார்த்து, கீறல், உடைந்த டைல்ஸ், இறுக்கமான ஜன்னல் கைப்பிடி, எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுத வைத்தோம். மீட்டர் எண்களைப் படம் எடுத்தேன். மின்சாரத்துக்கு நாமாக நிறுவனம் பார்த்துச் சேராவிட்டால் அடிப்படை விநியோகத்தில் தானாகப் போய்ச் சேரும், அது பொதுவாக விலை அதிகம். குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் தரும் உறுதிக் கடிதம் இல்லாமல் நடக்காது, அதைச் சாவியோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவுக்கு நம் மாவட்ட அலுவலகம்தான் என்றில்லை, பெர்லினில் எந்த அலுவலகத்தில் நேரம் கிடைத்தாலும் போகலாம். பதிந்த கொஞ்ச நாளில் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வந்துவிடும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

குடிவந்து திரைச்சீலைக் கம்பி மாட்டும்போதுதான் இது கான்கிரீட் வீடு என்பது கைக்குத் தெரிந்தது. சாதாரண டிரில்லர் பொட்டு அளவுகூட இறங்கவில்லை, சுத்தியல் டிரில்லர் வாடகைக்கு எடுத்து வந்தோம். அந்தச் சத்தம் பலகை வழியாக மேல் கீழ் எல்லா வீட்டுக்கும் போகும், ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்துக்கு மேலும் தொடவே கூடாது. நாங்கள் கீழ்வீட்டுப் பாட்டியிடம் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

காய்கறிக்கு எம் 8 டிராமில் ஏறி ஹெர்ட்ஸ்பெர்க்ஷ்டிராசெயில் இறங்கினால் டோங் ஷுவான் சந்தை. கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்த வியட்நாம் மக்கள் இந்தப் பகுதிகளில்தான் அதிகம் தங்கினார்கள், அந்த மக்களின் சந்தை அது. கொத்தமல்லி, பச்சை மிளகாய், பாகற்காய், பெரிய மூட்டை அரிசி எல்லாம் கிடைக்கும், செவ்வாய் மட்டும் விடுமுறை. எங்களுக்கு இருக்கும் ஒரே குறை, ஈழத் தமிழர்கள் பிரிட்ஸில் கட்டி 2013இல் குடமுழுக்குச் செய்த முருகன் கோயிலுக்கு இங்கிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போனால் பூஜை முடிந்துவிடுகிறது, அதனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் போகிறோம்.