ஆதிமனிதனும் ஆச்சியின் தேங்காயும்

அத்தான் பயிற்சிக்காகப் போபால் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிமனிதன் ஓவியம் தீட்டிய பீம்பேட்கா குகைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றோடு எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் நிம்மதி போயிற்று. 1957இல் தொல்லியல் ஆய்வாளர் வாகண்கர் ரயிலில் போகும்போது அந்தப் பாறைகள் கண்ணில் பட்ட கதையைச் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை கேட்போம்.

"நம் பக்கத்திலேயே ஆதிமனிதன் வரைந்த குகை இருக்கிறது" என்று போன மாதம் கிளப்பினார். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய், பழம், சூடம் எல்லாவற்றையும் ஒயர்கூடையில் எடுத்து வைத்தாள்.

"ஆச்சி, அது கோயில் இல்லை. குகை."

"குகையில் சாமி இருக்காதா?"

தென்காசியில் பஸ் மாறி, கடையநல்லூரில் ஆட்டோ பிடித்துத் திருமலாபுரம் சேர்ந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது: கம்பிக் கதவில் பூட்டு, சாவிக்காரர் கல்யாணப் பந்தியில். மதியத்துக்கான எலுமிச்சைச் சாதம் பதினோரு மணிக்கே தீர்ந்தது.

கதவு திறந்தால், சுவரில் பிள்ளையார். இன்னொரு சுவரில் ஆடும் சிவன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் அது, சித்தன்னவாசலுக்குப் பங்காளி. பீம்பேட்காவில் வெறும் பாறையிலேயே தீட்டினார்கள். இங்கே சுண்ணாம்பு பூசி அதன்மேல் தீட்டியதால், பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் படமும் போய்விட்டது.

அத்தான் அசரவில்லை. கூரைக்குச் செல்போன் வெளிச்சம் அடித்து, "மான்! கொம்பு தெரிகிறதா?" என்றார்.

"அது வௌவால் எச்சம் சார்" என்றார் சாவிக்காரர்.

ஆச்சி மட்டும் பேசாமல் அண்ணாந்து நின்றாள். அப்போதுதான் கண்புரை எடுத்திருந்தது. "தாமரைக் கொடி போகிறது பார். அதோ, வாத்து" என்று கோலம் இழுப்பதுபோல் விரலைக் காற்றில் ஓட்டினாள். விரல் போன வழியே பார்த்தேன். பழுப்புக்குள்ளிருந்து ஒரு தண்டு, ஓர் இதழ், பிறகு வளைந்த கழுத்து ஒன்று மெல்ல மேலே வந்தது.

புகை பட்டால் ஓவியம் கெடும் என்று சூடத்துக்குத் தடை. தேங்காயை வெளியே பாறையில் உடைத்தாள். அத்தானுக்குப் பெரிய மூடி.

திரும்பும் பஸ்ஸிலேயே அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டார்: "10,000 ஆண்டு பழைய மான்." இதுவரை பதினேழு பேர் அந்த எச்சத்துக்குக் கைகூப்பியிருக்கிறார்கள்.